பொங்கோல் மேல பொங்கல்

தாமான் செம்பாக்கா என்கிற குடியிருப்புக்குள் போக ஒரே ரோடு, வெளியே வரவும் அதே ரோடுதான். பின்பக்கமாகப் போகலாம் என்றால் செம்பனைத் தோட்டம், அதன் கேட்டில் பூட்டு. அந்த ஒரே ரோட்டில், செடெனாக் பக்கம் திரும்புகிற முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பொங்கோல் படுத்துக் கிடந்தது. வேகத்தடை மேட்டுக்கு மலாயில் பொங்கோல் என்று பேர். தாமானில் இருக்கிற தமிழர் வாயிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. பேப்பர்க்காரர்கள் வேகத்தடை என்று எழுதுவார்கள், எழுதட்டும். இது வேகத்தை மட்டுமா தடுத்தது? காரின் அடிவயிற்றைக் கிழித்தது, முட்டை லோரியைக் காலி பண்ணியது, பள்ளிக்கூட வேனில் பின்சீட்டுப் பிள்ளைகளைக் கூரையில் முட்ட வைத்தது.

கேட்டு வாங்கின வினைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பையன்கள் மோட்டார் சைக்கிளில் ரேஸ் விடுகிறார்கள், ஒரு மேடு போட்டுக் கொடுங்கள் என்று இதே ஜனங்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நகராண்மைக் கழகம் வேலையை ஒரு குத்தகைக்காரரிடம் விட்டது. அந்தப் புண்ணியவான் வேறெங்கோ மிஞ்சின தாரையெல்லாம் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டி, உருட்டியும் உருட்டாமலும் விட்டுவிட்டுப் போனார். வெள்ளைக் கோடு கிடையாது. பக்கத்தில் இருக்கிற தெருவிளக்கு எரிந்தால் அன்றைக்கு விசேஷம். ரேஸ் விட்ட பையன்கள் வேறு ரோடு பார்த்துக்கொண்டார்கள், அகப்பட்டவர்கள் வேலைக்குப் போகிற ஆட்கள்.

கஸ்தூரியின் வீடு அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எந்த வண்டி போனாலும் முன்சக்கரம் 'தடக்' என்று ஏறும், பின்சக்கரம் 'புடக்' என்று இறங்கும். அடுப்படியில் நின்றபடியே இது குணாளன் அண்ணன் கார், இது ரொட்டிக்காரன் மோட்டார் என்று சொல்லிவிடுவாள். தீபாவளிக்கு முந்தின வாரம், விடியாத நேரம், நல்ல மழை. அவள் புருஷன் மகேஸ்வரன் வழக்கம்போல சிங்கப்பூர் வேலைக்கு மோட்டாரில் கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே திரும்பினவளுக்குத் தடக் கேட்டது. புடக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இரும்பு ரோட்டில் தேய்கிற சத்தம் ஒன்று நீளமாகக் கேட்டது.

அவர் மெதுவாகத்தான் போயிருக்கிறார். பின்னால் வந்தவனுக்கு மேடும் தெரியவில்லை, மேட்டின் மேல் ஒருத்தர் தட்டுத்தடுமாறி ஏறுவதும் தெரியவில்லை. வந்து இடித்துவிட்டான். மகேஸ்வரனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. நல்ல முதலாளி, இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஆனால் எத்தனை நாளைக்கு? தைப்பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். டாக்டரும் ஓட்டலாம் என்றார். மகேஸ்வரன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்குச் சாயந்தரம் மோட்டாரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். கஸ்தூரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. இறங்கினார். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு வண்டியைக் கையால் தள்ளி மேட்டைத் தாண்டினார். வருஷக்கணக்காக லோரிகளுக்கு நடுவில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய் வந்த மனுஷர். அவர் திரும்புவதற்குள் கஸ்தூரி திரையை இழுத்துவிட்டாள்.

இருட்டில் மேட்டின் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அந்த நேரத்தில் தாமானில் பாதிப்பேர் சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டிருப்பார்கள். பின்னால் இன்னொருத்தன் வருவான், இந்தத் தடவை தோளோடு போகாது. திங்கட்கிழமைக்குள் இந்த மேடு போகணும், அவ்வளவுதான் என்று கஸ்தூரி முடிவு பண்ணினாள்.

முடிவு பண்ணினால் போதுமா? குடியிருப்போர் சங்கத் தலைவர் குணாளன் ஏற்கெனவே பல தரம் கழக அலுவலகத்துக்கு நடந்தவர். மைக் கிடைத்தால் விடாத மனுஷர், ஆனால் கவுண்டரில் மைக் கிடையாதே. இந்தத் தடவை கஸ்தூரியும் பக்கத்து வீட்டு அங்கம்மாவும் கூடப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் தங்கமான குணம், சிரித்த முகமாகவே கையை விரித்தாள். ரோட்டில் குழி விழுந்தாலோ ரோடு உடைந்தாலோ அது அவசர வேலையாம், அன்றைக்கே ஆள் வந்துவிடுமாம். நல்லாயிருக்கிற மேட்டை இறக்க வேண்டுமென்றால் தொழில்நுட்பக் கமிட்டி கூட வேண்டுமாம். கமிட்டி எப்போது கூடும்? போன மாசம் கூடுவதாக இருந்தது, தள்ளிப் போய்விட்டது. அடுத்த மாசம் கூடலாம், கூடாமலும் போகலாம்.

வெளியே வந்ததும் அங்கம்மா பொரிந்து தள்ளினாள். "குழின்னா வாழைக்கன்ன நட்டு போட்டோ புடிச்சிப் போடலாம். ஊரே பாத்து சிரிச்சா மறுநாளே வந்து மூடிட்டுப் போவானுங்க. மேட்டுல என்னத்த புள்ள நடுறது?"

கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை அவள் வேலை செய்கிற ஃபேக்டரியில் டீ நேரம். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் போன். கழகத்தின் புகார் நம்பருக்கு மலாயில் ஒரு மெசேஜ் தட்டினாள். ஐயா, எங்கள் ரோட்டுப் பொங்கோல் விஷயமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமையாவது வந்து முடித்துக் கொடுங்கள், தாமானே காத்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான். மணி அடித்துவிட்டது, திரும்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டு ஓடினாள்.

அங்கேதான் வந்தது வினை. அந்தப் போன் அதற்கு முந்தின ஒரு வாரமாகச் சொந்தக்காரர், பந்தக்காரர் ஒருத்தர் விடாமல் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்த போன். அடிப்பதைத் தானே திருத்திக் கொடுக்கிற புத்திசாலி வேறு. மலாயில் எழுதும்போது பொங்கோலுக்கும் பொங்கலுக்கும் ரெண்டே எழுத்துத்தான் வித்தியாசம். கஸ்தூரி பொங்கோல் என்று அடித்தாள். போன் அவளுக்கு உதவி செய்வதாக நினைத்துப் பொங்கல் என்று மாற்றி அனுப்பி வைத்தது.

மறுநாள் மத்தியானம் நவ்சாத் கூப்பிட்டார். செடெனாக்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், போன வருஷம்தான் கழக உறுப்பினர் ஆனவர். கஸ்தூரி மிஷின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நீங்க அனுப்புன மெசேஜ எங்க கழகத் தலைவரே பாத்துட்டாரு. மத்த தாமானுக்கெல்லாம் செஞ்சோம், உங்களத்தான் விட்டுட்டோம், தப்புதான். ஞாயித்துக்கெழம காலையில பொங்கல முடிச்சிருவோம்."

பொங்கோல முடிச்சிருவோம் என்று கஸ்தூரி காதில் விழுந்தது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "முழுசாவா தம்பி?" என்று கேட்டாள்.

"முழுசா, அக்கா. ஒரு கொறையும் இருக்காது."

கூடாரம் நாங்களே கொண்டுவருகிறோம், ரோட்டை அடைக்க அனுமதி எடுத்தாச்சு, சாமான் சட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு, தலைவரும் எஞ்சினியரும் நேரிலேயே வருகிறார்கள், நீங்கள் ஆட்களை மட்டும் கூட்டுங்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எஞ்சினியர் என்றதும் கஸ்தூரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு நடைபாதை ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் பொங்கோல் போகுது, பொங்கோல் போகுது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாமானுக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. கூடாரம் எதுக்கு என்று யாரோ சந்தேகம் கேட்டார்கள். மழை வந்தால் சூடான தாரில் தண்ணீர் படக்கூடாது, அதற்குத்தான் என்று குணாளன் ரோடு போட்டே பிழைத்தவர் மாதிரி விளக்கம் கொடுத்தார். அங்கம்மா வேலையாட்களுக்கு வடை சுடப் பருப்பு ஊறப்போட்டாள். ரோட்டோரம் நின்ற கார்களெல்லாம் சனிக்கிழமையே உள்ளே நகர்ந்தன. மகேஸ்வரன் மோட்டாரைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சீட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சீட்டி அடித்தார். அவர் சீட்டி அடித்துக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கஸ்தூரி துணி காயப்போடுகிற சாக்கில் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய விடியக் கொட்டின மழை காலையில் விட்டது. ரோட்டின் ரெண்டு பக்கமும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஜனங்கள் குடையும் கையுமாக ரோட்டில் கூடி, ரோலர் மிஷின் எப்போது வரும் என்று முச்சந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழகத்து லோரி வந்தது. தடக், புடக். மேட்டைத் தாண்டி நின்றது. ஆட்கள் கூடாரக் கம்பியை இறக்கினார்கள், சரி. நாற்காலி இறக்கினார்கள், பெரிய மனுஷர் வருகிறார், சரி. அப்புறம் கட்டுக்கட்டாகக் கரும்பை இறக்கினார்கள்.

"கரும்பு எதுக்கு?" என்றார் குணாளன்.

"தாரு போடுறவங்க களைச்சிப் போவாங்கல்ல," என்றாள் அங்கம்மா. ஆனால் அவள் குரலிலேயே சுருதி இறங்கிவிட்டது.

அடுத்து வைக்கோலில் பொதிந்த மண்பானைகள் வந்தன. விறகு வந்தது, செங்கல் வந்தது. கடைசியில் ரெண்டு பேர் பிடித்து விரித்த பேனரில், தாமான் செம்பாக்கா மாபெரும் பொங்கல் விழா என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கஸ்தூரி போனை எடுத்து, தான் அனுப்பினதை முதல் தடவையாகப் படித்தாள். ஐயோ, அலமாக். அவள் மூஞ்சி வெளுத்துவிட்டது. அங்கம்மா எட்டிப் பார்த்தாள், போனைப் பிடுங்கிப் படித்தாள், அப்படியே ரோட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செய்தி பரவப் பரவ ஒரே சிரிப்பு. குணாளன் மட்டும், கூடாரத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாதே என்று தூரமாகப் போய் நின்றார்.

கஸ்தூரிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மகேஸ்வரன் கிட்டே வந்தார். அவரும் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"விடு கஸ்தூரி. நான் தள்ளிக்கிட்டே தாண்டிக்கிறேன். இருட்டுல யாரு பாக்கப் போறா."

யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதானே அவளுடைய பயமே. வெட்கம் போன இடம் தெரியவில்லை, அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. போன் மேல், கமிட்டி மேல், தன் மேல், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கறுத்த மேட்டின் மேல்.

நேரே நவ்சாத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். தலைவர் பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறார், இப்போது போய் என்னத்தைச் சொல்வது என்று தவித்தார். கமிட்டி கூடட்டும், நானே எழுந்து பேசுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பாவம், நல்ல மனுஷர்தான். கஸ்தூரி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். பொங்கல் வைப்போம், சந்தோஷமாக வைப்போம், ஆனால் அடுப்பு மேட்டின் மேல்தான் வைப்போம். வருகிற பெரிய மனுஷர் அந்த மேட்டின் பக்கத்தில் குனிந்து ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. நவ்சாத் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் தண்ணீர், காய்ந்து கிடந்த ஒரே இடம் அந்த மேடுதான். சரிக்கா, வைங்க என்றார்.

மேட்டின் முதுகில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையாகச் செங்கல் அடுப்புகள் எழும்பின. சரிவில் கல் நிற்கவே மாட்டேன் என்றது, ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். நல்ல காய்ந்த விறகு, பற்ற வைத்ததும் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. வந்தது வந்தாச்சு, பொங்கலாவது நல்லபடியாகப் பொங்கட்டும் என்று பெண்கள் பானைக்கு மஞ்சள் கட்டிக் கோலமும் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கரும்போடு ஓடினார்கள். பாட்டுப் பெட்டி அலறியது.

டத்தோ பட்டம் வாங்கின கழகத் தலைவர் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வந்து இறங்கினார். எஞ்சினியர் பின்னாலேயே வந்தார். குணாளன் கையில் மைக் கிடைத்துவிட்டது, அவருக்கு உயிர் திரும்பிவிட்டது. டத்தோ அவர்களை எங்கள் பொங்கோலுக்கு வருக வருக என்று வரவேற்கிறோம் என்று மலாயில் முழங்கினார். நாலு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், என்ன செய்வது? தலைவர், இந்தத் தாமான்காரர்கள் பொங்கலை அப்படித்தான் சொல்வார்கள் போல என்று மரியாதையாகச் சிரித்துவைத்தார். கஸ்தூரி அவரை முதல் பானைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பால் ஊற்றச் சொன்னாள். அவரும் குனிந்து பயபக்தியோடு ஊற்றினார். மேட்டைப் பார்த்ததாகத் தெரியவில்லை, பானையைத்தான் பார்த்தார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். அங்கம்மா காற்றை மோந்து பார்த்தாள். "என்னா புள்ள, பால் தீயுற வாசம் மாதிரி இல்லையே."

கஸ்தூரி குனிந்து பார்த்தாள். செங்கல் முன்பு நின்ற உயரத்தில் இல்லை, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தார் பளபளவென்று உருகி, அங்கங்கே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். பானைகளெல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன. பொங்கல் வைக்க வந்தவர்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. முற்றத்து மண்ணில் வைத்துப் பழகினவர்களுக்கு நெருப்புக்குக் கீழே தார் இருப்பது எங்கே ஞாபகம் வரும்?

எஞ்சினியருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அலறிக்கொண்டு ஓடி வந்தார். நெருப்பை அணையுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தால் மேல் தார் முழுக்கப் பாழ், அப்புறம் இன்றைக்கே அவசரப் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டுச் சுரண்டி எடுத்துப் புதுசாகப் போட வேண்டிவரும் என்று மலாயில் கத்தினார். அவர் மிரட்டினதாக நினைத்துத்தான் சொன்னார். கஸ்தூரிக்குச் சாமி வந்து வாக்குச் சொன்னது மாதிரி இருந்தது. உடைந்தால் அன்றைக்கே ஆள் வரும். கவுண்டர் பெண் சொன்னாளே.

எஞ்சினியர் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டார். கஸ்தூரி அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்து மலாயிலேயே சொன்னாள்.

"டத்தோ, பால் பொங்குறதுக்கு முன்னாடி இந்த அடுப்ப அணைக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். தலைவர் எஞ்சினியரைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற பெண்களைப் பார்த்தார், படம் பிடித்துக்கொண்டிருக்கிற போன்களைப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். இதோ, கொஞ்ச நேரம் என்றாள் கஸ்தூரி. சரி, பொங்கட்டும், அடுத்தவர் நம்பிக்கையில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து கரும்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எஞ்சினியர் கையிலிருந்த வாளியைக் கஸ்தூரி ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, நுரை கட்டி மேலே வந்துகொண்டிருந்த பாலில் ஊற்றினாள். பால் சடாரென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அங்கம்மா இதைப் பார்த்தாள். இறங்குகிற செங்கலைப் பார்த்தாள். திரும்பவும் கஸ்தூரி மூஞ்சியைப் பார்த்தாள். சொம்பை வாங்கித் தன் பானையிலும் ஒரு ஊற்று ஊற்றினாள். வாளி கை மாறி அந்தக் கோடி வரைக்கும் போனது. ஒவ்வொரு பானையிலும் பால் ஆசையாசையாக மேலே வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு தண்ணீர் போய் அதன் மண்டையில் விழும். பெண்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. புகை கண்ணைக் கரிக்கிறது என்று முந்தானையால், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி விறகைத் தள்ளினாள், இன்னொருத்தி விசிறினாள். தலைவர் ரெண்டாவது கரும்புத் துண்டுக்குப் போய்விட்டார். பொங்கல் வைப்பது இவ்வளவு நேரம் பிடிக்கிற காரியம் என்று தெரியாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் வியந்துகொண்டார்.

நவ்சாத் மட்டும் வாளி போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வந்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, லோரிக்குப் போய் இன்னொரு கட்டு விறகைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

கஸ்தூரியின் பானை இப்போது நன்றாகவே சாய்ந்துவிட்டது. மேடு முதுகு உடைந்து, ஓரமெல்லாம் கொழகொழத்து வழிந்துகொண்டிருந்தது. போதுமா, போதாதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தபோது மகேஸ்வரன் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவர் பக்கத்தில் குந்தினார், ஒரு பெரிய விறகை எடுத்தார், அடிபட்ட தோள் இருக்கிற கையாலேயே அதை அடுப்புக்குள் ஆழமாகத் தள்ளினார்.

"நீ ஜன்னல்ல நின்னது எனக்குத் தெரியும்," என்றார்.

கஸ்தூரி சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வைத்ததைப் பார்த்து அங்கம்மாவும் வைத்தாள், வரிசை முழுக்க வைத்தார்கள். அடக்கி அடக்கி வைத்த பால் எல்லாப் பானையிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியது. நுரை விளிம்பைத் தாண்டி, சாய்ந்த பக்கமாக வழிந்து, உருகின தாரில் விழுந்து சீறியது. பொங்கலோ பொங்கல் என்று தாமானே கத்தியது. எத்தனையோ வருஷம் கத்தியிருக்கிறார்கள், இப்படித் தொண்டை கிழியக் கத்தினதில்லை. கஸ்தூரி கத்திக்கொண்டே அழுதாள். தலைவரும் எழுந்து நின்று கை தட்டினார்.

நெருப்பு அணைந்தது. எஞ்சினியர் ஒரு கம்பியால் மேட்டைக் குத்திப் பார்த்து, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் முதல் தடவையாக மேட்டைக் குனிந்து பார்த்தார். இவ்வளவு உயரமாகவா இருந்தது என்று கேட்டார். மூடி மறைக்கக் கஸ்தூரிக்கு இஷ்டமில்லை. போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"டத்தோ, நான் கேட்டது பொங்கல் இல்ல. பொங்கோல். என் வீட்டுக்காரர் இதுலதான் விழுந்தாரு. நாளைக்கு விடியறதுக்கு முந்தி மறுபடியும் இது மேலதான் போகணும்."

தலைவர் மெசேஜைப் படித்தார். சரிந்து கிடக்கிற மேட்டைப் பார்த்தார், மகேஸ்வரனின் தோளைப் பார்த்தார், காலியான வாளியையும் ஒரு கண் பார்த்தார். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எஞ்சினியரிடம் திரும்பினார். ரோடு உடைந்துவிட்டது, அவசர வேலை, இருட்டுவதற்குள் சுரண்டிச் சமமாகப் போட்டுவிடு என்றார். புது மேடு எப்போது போடுவது என்று எஞ்சினியர் கேட்டார். அதற்குக் கமிட்டி கூட வேண்டுமே என்றார் தலைவர். நாளெல்லாம் திட்டின கமிட்டியை அன்றைக்குத் தாமானே வாழ்த்தியது.

சாயந்தரம் ரோலர் வந்தது, நிஜ ரோலர். ஊறின பருப்பு வீணாகாமல் அங்கம்மா வடை சுட்டு வேலையாட்களுக்குக் கொடுத்தாள். தாரும் சர்க்கரைப் பொங்கலும் கலந்த ஒரு வாசம் ரோடு முழுக்க அடித்தது. குணாளன் கூடாரத்தைக் காட்டி, அன்னைக்கே சொன்னேன் பாத்தீங்களா என்றார். மழை தூறத்தான் செய்தது, சூடான தாரில் ஒரு சொட்டு விழவில்லை, அதனால் அவரை யாரும் மறுக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை விடியாத நேரத்தில் மகேஸ்வரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கஸ்தூரி கேட்டைத் திறந்துவிட்டாள். பாத்துப் போங்க என்று மட்டும் சொன்னாள். கேட்டைச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மோட்டார் சத்தம் நகர்ந்தது. இப்போது தடக் கேட்கும், பின்னாலேயே புடக் கேட்கும், கேட்டுவிட்டால் உள்ளே போய்விடலாம்.

தடக் கேட்கவில்லை. புடக்கும் கேட்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நடு ரோட்டில் வந்து நின்ற பிறகுதான் காலுக்குக் கீழே புதுத் தார் வழவழவென்று இருப்பது தெரிந்தது. தூரத்தில் முச்சந்தியில் மோட்டாரின் சிவப்பு விளக்கு ஒரு தரம் பளிச்சிட்டு, செடெனாக் பக்கம் திரும்பி மறைந்தது.

பக்கத்து வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. அங்கம்மா கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள், அவளும் தூங்கவில்லை போல.

"போயிட்டாரா புள்ள? சத்தத்தையே காணோமே."

"போயிட்டாருக்கா," என்றாள் கஸ்தூரி. "வண்டியில ஏறி உக்காந்தே போயிட்டாரு."